ஃப்ரிட்ஜ்காரரின் தியானம்

கண்ணை மூடிக்கொண்டு திட்டிக்கொண்டிருக்கிறார். முதுகைத் தரையில் கிடத்தி, கால்களை நாற்காலி மேல் போட்டு, முதலில் பழைய டாக்டர், அடுத்து கம்பெனி முதலாளி, அப்புறம் லிஃப்ட் வைக்காமல் மாடி மேல் மாடி கட்டியவர்கள் என்று எல்லோரையும் ஒரு பிடி பிடித்த பிறகுதான் அவருடைய தியானம் தொடங்கும். "குப்பையை உள்ள வச்சுக்கிட்டா கண்ணை மூடுவாங்க?" என்பார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயரே ஃப்ரிட்ஜ்காரர்தான். கடையில் விற்ற ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் வீடுகளில் கொண்டுபோய் இறக்கும் வேலை. ஒரு பக்கம் இவர், மறுபக்கம் கூட்டாளி. மூச்சை இழுத்துத் தம் கட்டினால் படி திரும்பும் இடத்தில்தான் விடுவார்கள். இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் வாசற்கதவின் அகலத்தைத்தான் முதலில் பார்ப்பார். "இதுல டபுள் டோர் நுழையாது" என்று, கேட்காமலே தீர்ப்பு வரும்.

முதுகு வலிக்கிறது என்றபோது, கம்பெனி கைகாட்டிய டாக்டர் ஓய்வு எழுதித் தரவில்லை. அபின் குடும்பத்து வலி மாத்திரையை எழுதித் தந்தார். போட்டால் தூக்கலாம், தூக்கினால் வலிக்கும், வலித்தால் இன்னொன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான். ஆளை ஓட்டுவதற்கு ஊட்டியதும் அவர்கள்தான், ஓடாமல் நின்றபோது மாத்திரைக்கு அடிமை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியதும் அவர்கள்தான். அதற்குள் ஒருநாள் மாத்திரை மயக்கத்தில் அவருக்குக் கண் செருகி, மடியிலிருந்த பேத்தி நழுவி விழுந்தாள். நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். ஆனால் அன்றோடு மகள் குழந்தையை அவரிடம் தருவதில்லை. மாத்திரையை விட்டுவிட்டு வரச்சொல்லிவிட்டாள்.

புது டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஆஸ்பத்திரியிலேயே நடக்கும் தியான வகுப்புக்கும் அனுப்பினார். முதல் வகுப்பு முடிந்து இரட்டிப்பு வலியோடு வந்து வீட்டையே இரண்டாக்கினார். மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் மனுஷன் பழக்க தோஷத்தில் தம் கட்டியிருக்கிறார். வயிறு இறுகி, இடுப்பு இறுகி, உட்கார்ந்த இடத்திலேயே இல்லாத ஃப்ரிட்ஜைச் சுமந்திருக்கிறார். சொல்லித்தரும் அம்மா பக்கத்தில் வந்து கேட்டாராம்: "எதைங்க தூக்கிட்டிருக்கீங்க?"

அதற்கும் கத்தினார். ஆனால் மறுபடி போனார். போய்க்கொண்டே இருக்கிறார். வலி போய்விட்டதா என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"எங்க போகும்? இங்கதான் உக்காந்திருக்கு. முன்னெல்லாம் அதோட மல்லுக்கட்டுவேன். இப்ப அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

போன வாரம் நான் அங்கே இருந்தபோது கூட்டாளி வந்தார். அவர் இன்னமும் சுமக்கிறார். தரையில் கிடந்தவர் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டை மாத்திரையை எடுத்து நீட்டினார். "ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோ. உன் பொண்ணுக்குத் தெரியவா போகுது?"

ஃப்ரிட்ஜ்காரர் கண்ணைத் திறந்து அட்டையையே பார்த்தார். அதே மாத்திரை. வாங்கிப் போட்டால் பேத்தி மடிக்கு வரும் நாள் மறுபடி தள்ளிப்போகும். வாங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் கவனித்தார்: அட்டையில் பாதிக்கு மேல் காலி.

"மிச்சத்தை முழுங்கினது யாரு?"

கூட்டாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "படி ஏறணும்ல" என்றார்.

அதன்பிறகு ஃப்ரிட்ஜ்காரர் திட்டிய திட்டை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது. கூட்டாளியில் ஆரம்பித்துக் கம்பெனி, டாக்டர், மாத்திரை செய்தவன் வரைக்கும் போனது. திட்டிக்கொண்டே கூட்டாளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் படுக்கவைத்தார். கல்லாக இறுகியிருந்த கூட்டாளியின் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது தளரும்வரை எடுக்கவில்லை.