கும்பிடுபூச்சிக்கு எடுத்த மூன்று நாள் லீவு

மினெகிஷி சயோகோவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மினோ ஊருக்குத் தெற்கே ஆற்றோரமாக இருக்கும் மதியச் சோற்றுப் பெட்டித் தொழிற்சாலையில், காலை ஐந்து மணியிலிருந்து ஒரு மணிவரை, பெட்டிக்கு ஒரு துண்டு பொரித்த மீன் வைப்பது அவள் வேலை. அந்த வேலைமேல் அவளுக்குப் புகார் எதுவும் இல்லை. மீன் அவளிடம் எந்த உதவியும் கேட்பதில்லை.

புகார் எல்லாம் ஊர்மேல்தான்.

சயோகோவுக்குக் காகிதம் மடிக்கப் பிடிக்கும். பிடிக்கும் என்று சும்மா சொல்லிவிட முடியாது. வீட்டில் அவளுக்கென்று ஒரு தடித்த நோட்டு உண்டு. அதில் நாளுக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் மிட்டாய்த் தாளை ஒட்டி, அருகில் அந்த மிட்டாயைத் தின்ற கதையை இரண்டு வரி எழுதியிருப்பாள். இன்னொன்றில் சணல் இலைக் கோலத்தைப் பென்சிலால் வரிசை வரிசையாக நிரப்பி, வண்ணம் தீட்டியிருப்பாள். மற்ற பக்கங்களில் எல்லாம் மடிப்புக் கோடுகள். எந்தக் கோடு மேலே எழும்ப வேண்டும், எது உள்ளே போக வேண்டும் என்று சிவப்பும் நீலமுமாகப் போட்டு வைத்த கணக்கு. அந்த நோட்டை அவள் யாருக்கும் காட்டியதில்லை. கேட்டவர்களும் இல்லை.

ஏழு மாதமாக அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே பூச்சிக்காகத்தான். கும்பிடுபூச்சி. ஒரே தாள், கத்தரி கிடையாது, பசை கிடையாது; ஆறு காலும் இரண்டு மீசையும் அந்த ஒரு தாளிலிருந்தே வர வேண்டும். ஆறு தடவை தோற்றாள். ஒவ்வொரு தடவையும் கழுத்துப் பக்கம் தாள் கிழிந்தது. ஏழாவது தாளை அவளே பச்சைச் சாயம் தோய்த்து, இரண்டு அடுக்காக ஒட்டிக் காயவைத்தாள். மூன்று வாரம் உட்கார்ந்து கோடுகளை மட்டும் மடித்து முடித்தாள். இனி எல்லாக் கோட்டையும் ஒரேயடியாக உள்ளே தள்ளி உருவம் எடுக்க வேண்டும். அதற்கு முழுசாக மூன்று நாள் வேண்டும். நடுவில் விட்டுவிட்டு எழுந்தால் தாள் சொன்ன பேச்சுக் கேட்காது.

நவம்பர் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊர் மன்றத்தில் கலைவிழா. சயோகோ வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயர் கொடுத்திருந்தாள். பதினான்காம் நம்பர் மேசை. வெள்ளி மாலை நாலு மணிக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் தொழிற்சாலையில் லீவு சொல்லியிருந்தாள். நான்கு வருஷத்தில் அவள் எடுத்த முதல் லீவு அது.

திங்கட்கிழமை மத்தியானம் குடியிருப்போர் சங்கத் தலைவர் உகாய் நான்கு பெரிய அட்டைப் பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி.

தோஃபு கடைக்காரி தோமி அம்மாள் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சீக்கிரம் குணமாக வேண்டி, ஊர் வழக்கப்படி அவளுக்கு ஆயிரம் காகிதக் கொக்கு கட்டிக் கொடுப்பதென்று சங்கம் முடிவெடுத்து, வீட்டுக்கு இருபத்தைந்து தாள் வீதம் நாற்பது வீட்டுக்கும் சுற்றறிக்கையோடு அனுப்பியிருந்தது. சயோகோவும் தன் பங்கை அன்றைக்கே மடித்துக் கொடுத்துவிட்டாள்.

"சயோகோ-சான், ஒரு சின்ன வேலை," என்றார் உகாய். "கொக்கெல்லாம் வந்தாச்சு. ஆனா பாருங்க, பாதிக்கு மேல தலைய மடிச்சுட்டாங்க."

"பள்ளிக்கூடத்துல அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க, அதையே செஞ்சிருக்காங்க," என்றாள் அவர் மனைவி. "சீக்காளிக்குக் குடுக்கற கொக்கு தலைய தொங்கப்போட்டா ஆகுமா? கழுத்து நேரா இருக்கணும். நோட்டீஸ்ல ஒரு வரி போடுங்கன்னு அன்னைக்கே இவர்கிட்ட சொன்னேன்."

"இப்ப அது எதுக்கு?" என்றார் உகாய். "நிமிர்த்தி விட்டாலும் கோடு தெரியுது. எண்ணிப் பாத்தோம், அறுநூத்திச் சொச்சம். புதுசா மடிச்சாத்தான் மரியாதை. தாளும் பெட்டியிலயே இருக்கு. சனிக்கிழமை காலைல ஆஸ்பத்திரிக்குப் போறோம். உங்க கை பட்டா நிமிஷத்துல பறந்துடும்."

அந்த ஊரில் யாரும் யாரிடமும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, "அது வந்து, கொஞ்சம்..." என்று நிறுத்தினால் போதும். புரிந்துகொண்டு விலகிப் போவது எதிராளியின் கடமை. சயோகோவும் மூச்சை இழுத்தாள்.

"அது வந்து, இந்த வாரம் கொஞ்சம்..."

உகாய்க்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் அசையாமல் நிற்கிற மனிதர் அவர். பதினோரு வருஷமாகத் தலைவராக இருப்பது வேறு எப்படி?

"தெரியும், தெரியும். லீவு போட்டிருக்கீங்களாமே! உங்க ஃபாக்டரியில சொன்னாங்க. நல்லதாப் போச்சு," என்றார். "உங்களுக்கு இது பொழுதுபோக்குதானே? எங்களுக்குன்னா வேலை."

பெட்டிகளை வைத்துவிட்டு இருவரும் மூன்று தடவை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். சயோகோ நான்கு தடவை குனிந்தாள். குனியக் குனியக் குட்டுவார்கள் என்று தெரிந்தும் முதுகு தானாக வளைந்தது. அந்த முதுகின்மேல்தான் அவளுக்கு அத்தனை ஆத்திரம்.

அவள் கணவன் ஷிகெரு பெட்டிகளைப் பார்த்தார்.

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே."

"எங்க சொன்ன? கொஞ்சம், கொஞ்சம்னு இழுத்த. நானும் உள்ளேருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"கேட்டீங்கல்ல? அப்ப நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க."

ஷிகெரு கார் கழுவப் போய்விட்டார். நேற்றுத்தான் கழுவிய கார்.

பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் கேட்டுப் பார்த்தாள். "ஐயோ, உங்க கை மாதிரி வருமா? மறுபடியும் தப்பா மடிச்சு வெச்சிடப் போறோம்," என்றார்கள். கொக்கு மடிக்கத் தெரியாத ஆள் அந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். பேஸ்பால் குழு போட்டிக்குப் போனால் கொக்கு, முதியோர் தினத்துக்கு ஆமை, பள்ளி ஆண்டுவிழாவுக்கு முந்நூறு ரோஜா. எல்லாவற்றுக்கும் சயோகோ-சான். எட்டு வயதுப் பிள்ளைகூட மடிக்கக்கூடியதை மடிக்கத்தான் ஊருக்கு அவள் வேண்டியிருந்தது. அவளால் மட்டுமே முடிந்ததை யாரும் ஒருநாளும் கேட்டதில்லை.

செவ்வாய் இருநூற்றுப் பத்து. புதன் இருநூற்று இருபது. வியாழன் மிச்சம். நோட்டில் புதன்கிழமைப் பக்கத்தில் தலை மடங்கிய கொக்கு ஒன்றை ஒட்டி, அதற்கு உகாய் மாதிரி ஒரு மூக்குக்கண்ணாடி போட்டாள். கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு மனசு ஆறட்டும் என்று சணல் இலைக் கோலம் போட உட்கார்ந்தாள். கோடு கோணிக்கொண்டே போனது. மூன்று தடவை அழித்ததில் காகிதம் நைந்து ஓட்டை விழுந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து கொக்குகளை நூலில் கோத்தாள். ஒரு சரத்துக்கு இருபத்தைந்து, மொத்தம் நாற்பது சரம். மூன்றே முக்காலுக்கு மணி பார்த்தாள். பச்சைத் தாள் அலமாரிமேல் தட்டையாகவே கிடந்தது. பதினான்காம் நம்பர் மேசை காலிதான் என்று அவளுக்கு அப்போது உறுதியாகிவிட்டது. கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்து மிச்சத்தைக் கோத்தாள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் கொக்குகளோடு திரும்பி வந்தார்கள். தூசி சேரும், வார்டுக்குள் எடுத்துப்போகக் கூடாது என்று நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டாளாம். போட்டோ எடுத்துக் காட்டியதற்குத் தோமி அம்மாள், "ரொம்ப அழகு. அடுத்த தடவை ஊறுகாய் கொண்டாங்க, இங்க சாப்பாட்டுல உப்பே இல்ல," என்றாளாம்.

உகாய் இதற்கெல்லாம் அசருகிற ஆளா? ஞாயிறு காலை சயோகோ மன்றத்துக்குள் நுழைந்தபோது பதினான்காம் நம்பர் மேசைக்கு மேலே ஆயிரம் கொக்கும் தொங்கின. கீழே தூரிகையால் எழுதிய அட்டை: மினெகிஷி சயோகோ.

"பாத்தீங்களா, ஒண்ணும் வீணாகல!" என்றார் உகாய். "உங்க மேசையும் காலியா இருந்துச்சு. பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆயிடுச்சு."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எவ்வளவு பொறுமை, எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். சயோகோவின் முதுகு வழக்கம்போல வளைய ஆரம்பித்தது. பாதியில் நின்றுவிட்டது. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சரங்களை மொத்தமாகக் கழற்றி, உகாயின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"இது என்னுது இல்ல," என்றாள். "நீங்க கேட்டீங்க, செஞ்சேன். எனக்குப் பிடிச்சு இதுல ஒண்ணுகூட மடிக்கல."

சைக்கிளில் வீட்டுக்குப் போய்ப் பச்சைத் தாளோடு திரும்பினாள். அதை மேசையில் விரித்து, தன் பெயர் அட்டையைப் பக்கத்தில் வைத்தாள். ஆயிரக்கணக்கான கோடுகள் ஓடும் வெறும் தாள். யாரும் கைதட்டவில்லை.

"இது யாரோ கசக்கிப் போட்ட தாளா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"கும்பிடுபூச்சி. இன்னும் ஆகல."

"எப்ப ஆகும்?"

"இந்த மூணு நாள் என்னைச் சும்மா விட்டிருந்தா இப்ப ஆகியிருக்கும்," என்றாள், உகாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. உகாய் இரண்டு கை நிறையக் கொக்குகளோடு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

சயோகோ மேசை முன்னால் உட்கார்ந்து முதல் கோட்டை உள்ளே தள்ளத் தொடங்கினாள். கால் மணி நேரம் போயிருக்காது. பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருத்தி மேலே சாய்ந்து பார்த்தாள்.

"சயோகோ-சான், எப்படியும் மடிச்சுட்டுத்தானே இருக்கீங்க? எனக்கும் அப்படியே ஒரு கொக்கு மடிச்சுக் குடுங்களேன்."

"மாட்டேன்," என்றாள் சயோகோ.

மன்றத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். சயோகோ தலை நிமிரவில்லை. அடுத்த கோட்டை உள்ளே தள்ளினாள். பூச்சியின் முதல் கால் கோணலாகத்தான் வந்தது.