நிறுத்திய மாத்திரை

புற்றுநோயால் என் கணவரின் சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஒட்டிய பையில்தான் சிறுநீர் இறங்கும். கிருமி தொற்றாமலிருக்க டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரை வாந்தியை வரவழைத்ததால், என்னிடம் சொல்லாமலே கணவர் அதை நிறுத்திவிட்டார்.

ஒரு மதியம் அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. போர்வை மேல் போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. என்னையே பார்த்து, “நீங்க யாருங்க?” என்றார். உடனே கார் பிடித்தேன்.

பொன்னமராவதியிலிருந்து திருச்சி போகும் வழியெல்லாம், “கண்ண மூடாதீங்க, என்னையப் பாருங்க” என்று கெஞ்சிக்கொண்டே போனேன்.

“சிறுநீர்த் தொற்று ரத்தத்துல கலந்துருச்சும்மா” என்றார் டாக்டர். எப்படியோ என் கணவர் பிழைத்தார். தெளிந்ததும், “நீயே ஓஞ்சு போயிருந்த. மாத்திரைய நிறுத்துனத ஒங்கிட்ட எப்புடிச் சொல்றது?” என்றார்.

இப்போது மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால், டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேட்கிறோம். லேசாகக் குளிரெடுத்தாலும் கஷாயம் வைத்துக் காத்திருப்பதில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறோம்.