புகார் அக்கா வீட்டு விருந்து

ஆபீஸில் கழித்துப்போட்ட மனுப் படிவத்தை நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறார் புகார் அக்கா. கத்தரிக்கோல் மடியிலேயே கிடக்கிறது. அதைக் கையில் எடுத்தால் வேலை மாதிரி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. கிழித்த துண்டுகளை நூலில் கோத்தால் சின்னக் கொடிகள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் யாரோ என்றோ எழுதிய "மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான் வருகிறது" வகையறா வரிகள் இருக்கும். அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டுவார்.

குடிநீர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக அவருக்குப் புகார் ஜன்னல். கண்ணாடியில் அரைவட்டமாக ஒரு துளை. வருகிறவர்கள் குனிந்து, அந்தத் துளைக்குள் வாயை வைத்துக் கத்துவார்கள். அக்கா எல்லோருக்கும் ஒரே குரலில் "சொல்லுங்க" என்பார். பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. அழைப்பு மணி அடித்துக் கதவைத் திறந்ததும் அவர் வாயிலிருந்து வருவதும் "சொல்லுங்க"தான். கூட்டம் அதிகமானால் பெயர் மறந்து எண் வந்துவிடும். "பதினொன்னு, உனக்கு ஜூஸ் வந்துச்சா?" என்று அவர் கேட்டது தன் சொந்தத் தம்பியை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் விருந்து. ஏன் என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். "நாள் பூரா என் முன்னாடி வந்து நிக்கிற மூஞ்சி எல்லாம் கடுகடுன்னுதான் இருக்கு. மாசத்துல ஒரு நாளாவது சிரிச்ச மூஞ்சி பார்க்க வேணாமா? அதான் கூப்பிடறேன்."

ஒவ்வொரு விருந்துக்கும் ஒரு தீம் உண்டு. காசு போட்டு எதுவும் வாங்கமாட்டார். வீட்டில் எது இல்லையோ அதுதான் அந்த மாதத் தீம். உட்கார நாற்காலி போதாத மாதம் அவர் வீடு ரயில் நிலையம் ஆனது. விருந்தாளிகள் அவரவர் அலமாரி மேலிருக்கும் பெட்டியைத் தூக்கி வந்து அதன் மேலேயே உட்கார்ந்தார்கள். அடுப்பில் உருளைக்கிழங்கு வேக நேரமானபோது, அக்கா காகிதத்தைச் சுருட்டி வாயில் வைத்து, வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார். பசியோடு இருந்தவர்கள் கைதட்டினார்கள். மின்விசிறி பழுதான மாதம் கடற்கரை. வீடு வெள்ளையடிக்கப்பட்டு சாமான்கள் எல்லாம் நடு அறையில் குவிந்து கிடந்த மாதம் அதற்குப் பெயர் தீவு. சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். கடிகாரம் பழுது பார்க்கும் அவர் வீட்டுக்காரர் எல்லா விருந்திலும் ஒரு மூலையில் இருந்து பலூன் ஊதுவார். தீம் எதுவானாலும் பலூன் உண்டு. அது அவர் உரிமை.

"இல்லாததை மறைக்கப் போனாதான் செலவு," என்பார் அக்கா. "அதுக்கு ஒரு பேரை வச்சுட்டா செலவே இல்ல."

இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் எதிர்வீடு. அவரைவிட இரண்டு வயது மூத்தவன். கட்டடமே அக்கா என்று கூப்பிடுவதால் நானும் அக்கா என்கிறேன். வயது குறைந்தது போல ஒரு நிறைவு. தொழில், பத்திரிகையில் வீட்டுக் குறிப்புப் பக்கம் எழுதுவது. கறை போக்குவது எப்படி, எறும்பை விரட்டுவது எப்படி என்று பதினெட்டு வருடம் எழுதிச் சரக்கு தீர்ந்துபோன நேரத்தில்தான் அக்கா எதிர்வீட்டுக்குக் குடிவந்தார். அதிலிருந்து இரண்டு வருடமாக என் பக்கத்தில் "வீட்டிலேயே எளிய விருந்து" என்ற தொடர் வருகிறது. எழுதுவது நான். யோசனை முழுக்க அவருடையது. அவர் பெயரை ஒரு தடவைகூட எழுதியதில்லை.

அக்கா பத்திரிகை படிக்கமாட்டார். "ஆபீஸ்ல படிக்கறதுலயே கண்ணு ரெண்டும் பூத்துப் போகுது," என்பார். அந்த தைரியம்தான் எனக்கு.

குறிப்பெடுப்பது அவர் வீட்டுக் குளியலறையில். பாதி விருந்தில் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, சட்டைப் பையில் இருக்கும் சீட்டில் எழுதிக்கொண்டு திரும்புவேன். மூன்றாவது விருந்திலேயே எனக்கு வயிற்றுக் கோளாறு என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து எனக்கென்று தனியாக ஒரு டம்ளரில் இஞ்சி தட்டிப் போட்ட வெந்நீர் மூடி வைத்திருக்கும். "எழுத்தாளர் சார், ஜூஸ் பக்கம் போயிடாதீங்க, உங்களுக்கு ஆகாது," என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். இரண்டு வருடமாக நான் அந்த வெந்நீரைக் குடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இஞ்சி பிடிக்காது.

திருடியதையாவது உருப்படியாகத் திருடினேனா என்றால் அதுவும் இல்லை. ரயில் நிலைய விருந்துக்குத் தேவையான பொருள்கள் என்று பட்டியல் போட்டேன்: பெட்டிகள் ஆறு, சிவப்பு விளக்கு ஒன்று, பச்சை விளக்கு ஒன்று. ஒரு வாசகி புதிதாக ஆறு பெட்டிகளை வாங்கிவிட்டு, இனி ஊருக்குத்தான் போக வேண்டும், கையில் காசில்லை என்று கடிதம் எழுதியிருந்தார். கடற்கரை விருந்தை என் வீட்டிலேயே செய்து பார்த்தேன். மனைவியின் அலுவலகத் தோழிகள் நான்கு பேருக்காக ஒரு மூட்டை மணலை மூன்று மாடி தூக்கிவந்து கொட்டினேன். மின்விசிறியும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணில் மண் விழுந்து தோழிகள் அரைமணி நேரத்தில் கிளம்பிவிட, குளியலறைக் குழாய் மணலில் அடைத்துக்கொண்டது. அன்றைக்குக் கடைசிவரை இருந்த ஒரே விருந்தாளி பிளம்பர்தான். அந்த வாரப் பக்கத்தில் "கலகலப்புக்குக் குறைவிருக்காது" என்று எழுதினேன்.

போன சனிக்கிழமை காலையில் பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். தொடர் புத்தகமாக வருகிறதாம். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. "அட்டைல உங்க பேரைப் பெருசா போட்டிருக்கோம். உங்க வீடு எப்பவும் ஜேஜேன்னு இருக்கும்போல," என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வீடு ஜேஜேன்னு இருக்காம்?" என்றாள்.

நான் செய்தித்தாளை விரித்தேன்.

"இன்னைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போறோம்ல, சொல்லிடுங்க. புத்தகம் கடைக்கு வந்து, அவங்களே பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னா அப்புறம் அந்தக் கதவை நான் எப்படித் தட்டுவேன்? எனக்குக் கூடப் பரவாயில்ல. உங்களுக்குப் போறதுக்கு வேற வீடு இருக்கா?"

இல்லை. அதை அவள் அவ்வளவு நேராகச் சொல்லியிருக்க வேண்டாம். ஐம்பது வயதில், மாதம் ஒருமுறை "வாங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு வீடு இருக்கிறது. அதை இழந்துவிடுவேனோ என்ற பயம் அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. அக்கா சொன்ன வயிற்றுக் கோளாறு கடைசியில் உண்மையாகவே வந்துவிட்டது.

அன்றைக்குக் கட்டடத்தில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. அக்கா குடிநீர் அலுவலகம் என்பதால் மேல்மாடி, கீழ்மாடி எல்லாம் அவர் கதவைத் தட்டித் திட்டிவிட்டுப் போயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் விருந்தைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். அக்கா புகார் விருந்து என்று பெயர் வைத்துவிட்டார்.

சமையலறை வாசலை ஒரு பெரிய அட்டை அடைத்திருந்தது. அதன் நடுவில் அரைவட்டத் துளை. பின்னால் முக்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். கழுவத் தண்ணீர் இல்லாததால் தட்டு கிடையாது. வறுத்த கடலையும் பிஸ்கட்டும் காகிதப் பொட்டலத்தில். ஆளுக்கொரு டோக்கன், ஒரு வெள்ளைத் தாள். வந்திருக்கும் யார் மேலாவது ஒரு புகார் எழுதி, வரிசையில் நின்று, குனிந்து கொடுக்க வேண்டும்.

"ஆபீஸ்ல வாங்கத்தான் முடியும், தீர்த்து வைக்கறது வேற ஆளு," என்று துளைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இங்க நானே வாங்கி நானே தீர்க்கறேன். வரிசையா வாங்க."

மருந்துக்கடைக்காரர் தன் தலைக்கு மேல் வீட்டில் தையல் இயந்திரம் ஓயாமல் ஓடுவதாகப் புகார் கொடுத்தார். தையல்காரம்மா உடனே அவர் சட்டையில் இல்லாத பொத்தானைத் தைத்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அங்கேயே ஊசி நூல் வந்தது. பலூன் வெடித்துத் தூக்கம் கெடுவதாக அக்காவின் வீட்டுக்காரர் மேல் ஒரு புகார். அவர் அரைமணி நேரம் பலூனைத் தொடக்கூடாது என்று தீர்ப்பு. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த கோலத்தைப் பார்த்து வீடே சிரித்தது. இரண்டு நாளாக அக்காவைத் திட்டிய வாய்கள்தான் அத்தனையும். அட்டைக்குப் பின்னாலிருந்து அக்காவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. புரையேறுகிற மாதிரி இருக்கும் அவர் சிரிப்பு.

என் டோக்கன் ஒன்பது. முதலில் மருந்துக்கடைக்காரர் குறட்டை விடுவதாக எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்தாள். கிழித்தேன். இன்னொரு தாள் கேட்டு வாங்கி, "சில யோசனைகள் முறையான அனுமதியின்றி எடுத்தாளப்பட்டுள்ளதாகத் தெரியவருகிறது" என்று எழுதினேன். யார் எடுத்தாண்டது என்று எனக்கே புரியவில்லை. இருபது வருடம் எழுதிப் பிழைத்தவனுக்குத் திருட்டு என்ற ஒரு சொல் கையில் வர மறுத்தது. மூன்றாவது தாளில் வந்தது.

"எதிர்வீட்டு எழுத்தாளர் இரண்டு வருடமாக உங்கள் யோசனைகளைத் திருடித் தன் பெயரில் எழுதி வருகிறார். அவருக்கு வயிற்றுக் கோளாறு கிடையாது. குளியலறையில் குறிப்பெடுக்கிறார். திங்கட்கிழமை அது புத்தகமாக அச்சுக்குப் போகிறது. அதில் உங்கள் பெயர் எங்கும் இல்லை."

படித்துப் பார்த்தேன். யாரோ ஒரு நல்ல மனிதர் என்மேல் கொடுத்த புகார் போல இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று மடித்தேன்.

என் முறை வந்ததும் குனிந்து, துளை வழியாகத் தாளை நீட்டினேன். அக்கா முகத்தில் முந்தைய புகாரின் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே பிரித்தார். முதல் வரியில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. கடைசி வரிக்கு வந்தபோது அது இல்லை. மறுபடி மேலேயிருந்து படித்தார். நிமிர்ந்தபோது, பத்தொன்பது வருடமாக அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முகம் என்னைப் பார்த்தது. அவர் வீட்டில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு கத்து கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"டோக்கன் நம்பர்?"

"ஒன்பது."

"புகார் யார் மேல?"

"எதிர்வீட்டுக்காரர் மேல."

"குடுக்கறது யாரு?"

எனக்குப் பின்னால் பத்தாம் எண் தையல்காரம்மா, "சார், சீக்கிரம்," என்றார். என் மனைவி கடலைப் பொட்டலத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்தபடியே நின்றதில் எனக்கு முதுகு வலித்தது.

அக்கா தாளை என் பக்கமாகத் திருப்பி, துளை வழியாகத் தள்ளினார். அதன் மேல் ஒரு பேனாவை வைத்தார். பிறகு, கடைசி வரிக்குக் கீழே வலது ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார். எடுக்கவில்லை.