ஒரே வாய்க்காலில் இரண்டு அப்பாக்கள்

பாகூர் பஸ்ஸில் இன்று தர்ஷினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு சீட் இல்லை.

ஒரே வகுப்புதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பாக்கள் வாய்க்கால் தண்ணீருக்காகச் சண்டை போட்டதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

சும்மா இருக்க முடியாமல், இங்கிலீஷ் அகராதியில் படித்ததைச் சொன்னேன்.

“ரைவல்னா இன்னா தெரியுமாடி? லத்தீன்ல ரீவுஸ்னா ஓடை. ஒரே ஓடையில தண்ணி எடுக்கறவங்கதான் ரைவல்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கணக்கு மிஸ் தினமும் ஃபார்முலாவ டெரைவ் பண்ணச் சொல்றாங்களே, அதுவும் அந்த ரீவுஸ்லேர்ந்து வந்ததுதான். ஓடையிலேர்ந்து தண்ணிய வெட்டித் திருப்பறதுன்னு அர்த்தம்.”

கரும்புத் தோட்டம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப எங்க மொறைத் தண்ணிய உங்கப்பா டெரைவ் பண்ணிட்டாரு. ஸ்டெப் ஸ்டெப்பா எழுதிக் காட்டட்டுமா?”

நான்கு நாளுக்குப் பிறகு பேசிய முதல் வாக்கியம். அதனால் நான் மறுத்துப் பேசவில்லை. நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தேன். சோரியாங்குப்பம் வருவதற்குள் ஏழு ஸ்டெப் எழுதிவிட்டாள், மடையின் படத்தோடு.

விடை சரியா தப்பா என்று மட்டும் கமெண்டில் எழுதிவிடாதீர்கள். அப்பாவும் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்.