விழுந்த ஆசானுக்காக ஜெயசிங் நடத்திய போர்

அருமனை ஜெயசிங் கோபப்படாத நாள் உண்டா என்று மனைவி ராகேலிடம் கேட்டால், "ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு இருக்கும், அன்னைக்கு இவிய கைப்பிள்ளல்லா" என்பாள். மஸ்கட்டில் கட்டட வேலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது, ஹெல்மெட் போடாதவனை மூன்று பாஷையில் திட்டுவார். ஊரில் பெயின்ட் கடை வைத்த பிறகு, பச்சையைக் கலக்கச் சொல்லிவிட்டு நீலம் போதும் என்பவர்கள் மாட்டினார்கள். சபைக் கமிட்டிச் செயலாளர் ஆனதும் அவருடைய கோபங்களுக்குத் தீர்மான எண்களும் கிடைத்தன.

ஆனால் அவர் வாழ்நாளின் தலையாய கோபம் ராகேலின் தம்பி ஜெஸ்பின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் பிறந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உள்ளே போனபின் அங்கே வாயால் கதை சொல்லியே ஆடும் ஒரு விளையாட்டு நடக்கும். ராகேல் உட்பட ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். வெட்டும் குத்தும் பகடை சொன்னபடி. காடு, மழை, கள்ளர்கள் என்று மீதி உலகம் முழுவதும் ஜெஸ்பின். ஆட்டத்தை நடத்தும் மாஸ்டர் அவன்தான். பெங்களூரில் வேலை பார்த்தபோது தொற்றிய பழக்கம்.

ஜெயசிங்கின் பாத்திரம் ஒரு வர்ம ஆசான். உயிருக்கான புள்ளிகள் தீர்ந்து மயங்கி விழுகிறவர்களைத் தட்டி எழுப்புவது ஆசானின் தொழில். கடைசிச் சண்டையில் ஆசானே மயங்கி விழுந்தார். பக்கத்தில் வந்த கள்ளன் அவரைக் குனிந்து குத்தினான். ஆசான் காலி.

"ஏலே, விழுந்து கிடக்கவன எதுக்குலே குத்துன?"

"நான் குத்தல்ல அத்தான். கள்ளன் குத்துனான்."

"கள்ளன் ஆருலே? நீதானலே!"

"விபின் ரெண்டு தடவ விழுந்தான், ஆசான் ரெண்டு தடவயும் எழுப்பி விட்டாரு. கள்ளனுக்குக் கண்ணு பொட்டையா? ஆசான விட்டு வச்சா வெட்டுப்பட்டவன் எல்லாம் எழும்பி வருவாம்லா?"

"நிக்கவன் ரெண்டு பேரு இருக்கும்ப கிடக்கவனயா குத்துகது? மனுசன்தானா அவன்?"

"அவன் சண்டே ஸ்கூல் போகல்ல அண்ணே" என்றான் விபின். கூட விளையாடும் மொபைல் கடைக்காரன். நேரம் காலம் தெரியாத வாய் அவனுக்கு.

ஜெயசிங் அந்த வாரம் கடையில் யாருக்கும் சரியான நிறம் கலந்து கொடுக்கவில்லை. ராகேல்தான் ஒரு வழி சொன்னாள். "அடுத்த ஞாயிறாச்ச நீங்களே மாஸ்டரா இருங்க. ஒங்க சட்டப்படி ஒரு சண்டய முடிச்சுக் காட்டுங்க. காட்டுனா ஆசானுக்கு உயிரு. இல்லண்ணா அடக்கம்."

ஜெயசிங் வந்தார். கமிட்டியில் பழகிய கை சும்மா இருக்குமா? ஆட்டம் தொடங்குமுன் எழுந்து நின்று வாசித்தார்: "கீழே கிடக்கும் எவரையும் எதிரிகள் எக்காரணம் கொண்டும் தாக்கலாகாது." தானே முன்மொழிந்தார். விபினை முறைத்து வழிமொழிய வைத்தார். கைதூக்கச் சொல்லி, ஏகமனதாக நிறைவேறியதாக அறிவித்தார். சபையில் இப்படி நிறைவேறிய தீர்மானத்தைத் திருத்த ஒரு பொதுக்குழு வேண்டும் என்பது அவரே நாட்டிய சட்டம்.

கள்ளர்கள் வந்தார்கள். ஒரு கீறல் பட்டதும் விபின், "நான் படுத்தாச்சு" என்றான்.

"மயங்குனாதானலே விழணும்?"

"தீர்மானத்துல மயக்கமே இல்லியே அண்ணே."

கள்ளர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் எழுந்து பின்னாலிருந்து ஒருவனைக் குத்திவிட்டு மறுபடி படுத்தான். இப்போது ஆட்டக்காரனாகிவிட்ட ஜெஸ்பின் படுத்தே உருண்டான். ராகேல் கள்ளர் தலைவனின் கால் நடுவில் பாய் விரித்ததுபோல் கிடந்து, தன் முறை வரும்போதெல்லாம் அவன் முழங்காலில் ஒரு வெட்டு போட்டாள்.

"ஏட்டி, எழும்பி நின்னு சண்ட போடு!"

"எதுக்கு? நல்லா காத்தோட்டமா இருக்கு."

கள்ளர் தலைவனுக்கு ஒரு கால் போயிற்று. அதற்கு அடுத்த முறை மற்றக் காலும். பல வருஷ வெப்ராளமும் ஆத்திரமும் ஜெயசிங்கின் கழுத்தில் நரம்பாகப் புடைத்தன. மேசையில் அடித்தார். பகடைகள் மீன்கறிச் சட்டிக்குள் தெறித்தன.

"குத்துகான்! தலைவன் குத்துகான்! கிடக்கவள, நெஞ்சுல, ரெண்டு குத்து! செத்தா! போதுமா?"

தன் குரல் அடங்கிய பிறகுதான், குத்துப்பட்டவள் எதிர் நாற்காலியில் இருக்கும் தன் மனைவி என்பது ஜெயசிங்குக்கு உறைத்தது.

"அத்தான்" என்றான் ஜெஸ்பின் மெதுவாக. "குத்துனது ஆரு?"

"கள்ளன்!" என்று கத்தினார் ஜெயசிங். கத்திய வாய் மூடவில்லை.

ராகேல் சட்டிக்குள் கைவிட்டுப் பகடையை எடுத்துத் துடைத்தாள். "எனக்குச் சங்கடம் ஒண்ணும் இல்ல. அந்தக் கள்ளனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு. ஆனா பேசுனது பேசுனதுதான். ஆசானுக்கு அடக்கம்."

"அவள நான் கொன்னது தப்புண்ணு ஒருத்தன் சொல்லப்பிடாது" என்று உறுமினார் ஜெயசிங். யாரும் சொல்லவில்லை. அதுவும் அவருக்குக் கோபமாக இருந்தது.

புதுத் தாளை இழுத்து, பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திப் புதுப் பாத்திரம் எழுதினார்.

"தொழில் என்ன அத்தான்? வைத்தியரா?"

"கள்ளன்" என்றார் ஜெயசிங். "ஒங்க காட்டுல அந்தத் தொழிலுக்குத்தானலே மரியாத."