முதல் பக்கத் தொடர்ச்சி

நேற்றுப் பொரிகடலைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, என் மூத்த பெண் அந்தத் தாளைத் தரையில் நீவி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்து வயது. அரிச்சுவடி இப்போதுதான் முடிந்திருக்கிறது. தாளின் நடுவில் எங்கோ விரலை வைத்துத் தொடங்கினாள். "மேலேயிருந்து படிடி!" என்று கத்திவிட்டேன். மிரண்டு அழுதது குழந்தை. இதற்குப் போய் எந்தத் தாயாவது கத்துவாளா? மடியில் போட்டுச் சமாதானம் செய்தேன். கையில் ஒட்டிய மை வாசனை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

அதே வாசனைதான், மேனாம்பேட்டில் எங்கள் கிணற்றடிப் பூவரச மரத்தின் கீழ், யுத்த காலத்தில்.

அப்போது இவள் கைக்குழந்தை. என் கணவரின் ஆபீஸைப் பட்டணத்திலிருந்து தூரத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மாதம் இருமுறைதான் வருவார். ஆனால் அவர் கட்டிய சந்தாவுக்குப் பேப்பர் மட்டும் தவறாமல் ரயிலில் வந்துவிடும். ஊருக்கு வந்த ஒரே பேப்பர் அது. தெருவில் படிக்கத் தெரிந்த ஒரே பெண் நான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மரத்தடியில் வந்து உட்காருவார்கள். நான் உரக்கப் படிப்பேன். எனக்குக் கொஞ்சம் கர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன். சோகச் செய்திக்குக் குரலைத் தாழ்த்துவேன், யுத்தச் செய்திக்கு உயர்த்துவேன்.

அந்தப் பேப்பரின் நிருபர் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரே குடியிருந்தார். சைக்கிளில் ஒருநாள் எங்கள் பக்கம் வந்து போனார். மறுநாள் 'சுற்றுப்புறக் கிராமங்களில் பீதி' என்று வந்தது. அதுவரை நாங்கள் நெல் உலர்த்திக்கொண்டிருந்தோம். படித்துக் காட்டிய அன்றுதான் பீதியடைந்து நகைகளைப் பானையில் போட்டுப் புதைத்தோம். மறுவாரம் 'மக்கள் அமைதி' என்று வந்ததும் தோண்டி எடுத்தோம். சிரிப்பாக இருக்கிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

என் முன்னால் எப்போதும் ஒட்டி உட்காருகிறவள் எதிர்வீட்டுப் பச்சையம்மா. அவள் புருஷன் ஏகாம்பரம் ரங்கூனில் அரிசி மில்லில் இருந்தான். குண்டு விழுந்த பிறகு கடிதமே இல்லை. "யக்கா, ரங்கூன் சேதி இன்னா போட்டுக்கீது?" என்பதுதான் அவள் தினம் கேட்கும் முதல் கேள்வி. தனக்கும் அவன் பெயருக்கும் நடுவில் என் வாய் ஒன்றுதான் இருக்கிறது என்பதுபோல என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வாரம் பேப்பரில் ரங்கூனில் இறந்தவர்களின் பட்டியல் இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. துணியெல்லாம் நனைந்துவிட்டதால், அன்று வந்த பேப்பரின் வெளித்தாளை உருவி அவளுக்கு அடியில் விரித்தேன். உள்தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். பெயர்கள், ஊர்கள், வரிசையாக. மேலே 'முதல் பக்கத் தொடர்ச்சி' என்று சின்ன எழுத்தில் இருந்தது. பார்த்தேன். பார்த்தேன் என்பதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. நேற்றைய பட்டியலின் மிச்சம் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஏகாம்பரம். மேனாம்பேடு. செங்கல்பட்டு ஜில்லா."

படித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. நான் அழுதுவிட்டேன். நான் அழுததைப் பார்த்துத்தான் பச்சையம்மா அலறினாள்.

உடல் இல்லாமல் எப்படி எரிப்பது? ஏகாம்பரத்தின் அம்மா கன்னியம்மா என்னிடம் வந்து கை நீட்டினாள். "எம்புள்ள பேரு கீற அந்தத் தாளக் குடும்மா." நான்தான் நாலாக மடித்துக் கொடுத்தேன். வைக்கோலால் உருவம் செய்து, அதன் நெஞ்சில் தாளை வைத்து, ஏரிக்கரைச் சுடுகாட்டில் எரித்தார்கள்.

பதினாறாம் நாள் பச்சையம்மாவுக்குத் தாலி அறுப்பது என்று முடிவாயிற்று.

பதின்மூன்றாம் நாள் அடுக்களை அலமாரிக்கு விரிக்கப் பழைய தாள் தேடினேன். குழந்தைக்கு விரித்தது, அழுக்குப் படாமல் பாய்க்கடியில் மடங்கிக் கிடந்தது. தட்டில் விரித்து டப்பாவைத் தூக்கி வைக்கப் போனேன். அடியில் கறுப்புக் கட்டத்துக்குள்: 'ரங்கூனிலிருந்து நடந்தே வந்து கல்கத்தா முகாம் சேர்ந்தோர். 3-ஆம் பக்கம் பார்க்க.'

டப்பா கையிலேயே இருந்தது. நான் மரத்தடியில் படித்தது இதன் மூன்றாம் பக்கம்.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வேறு பட்டியலாக இருந்தால்? முகாமில் சேர்ந்த பிறகு செத்திருந்தால்? இல்லாத ஆசையைக் காட்டினால் இரண்டாம் தடவையும் நானே கொன்றதாகாதா? மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்.

பச்சையம்மா தாளை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் மேலிருந்து கீழாக விரலால் தடவினாள்.

"இதுல எங்கக்கா அவுரு பேரு கீது?"

இல்லை. பெயர் இருந்த தாள் எரிந்து பதினைந்து நாள் ஆகப்போகிறது.

கன்னியம்மா என்னைக் கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் கன்னத்தைத் தொட்டு, "அன்னிக்கி நீயே அழுதுகினு படிச்சே. பாவம், இவ தாலியக் காப்பாத்த இன்னிக்கி மாத்திப் படிக்கிற. பேப்பர்ல பொய் வருமா கண்ணு?" என்றாள். நான் படித்ததை நம்பினார்கள். நான் சொன்னதை நம்பவில்லை.

தாலி அறுத்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையின் காதைப் பொத்தினேன்.

பத்து நாள் கழித்து, உச்சிவேளை. வெயிலில் தெரு வெளுத்துக் கிடந்தது. மரத்தடியில் நான் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லாரும் என் உதட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்தாள். பிறகு எல்லாரும். சத்தமே இல்லை. தெரு நெடுக ஒவ்வொரு கதவாகத் தாழ் விழுந்தது மட்டும் கேட்டது.

திரும்பினேன். எலும்பும் தாடியுமாக ஏகாம்பரம். வெயில் நேர் தலைக்கு மேலே. அவன் காலடியில் நிழல் இருக்கிறதா என்று நானும் தேடினேன். படித்தவள்தான், உச்சிவெயிலில் யாருக்கும் நிழல் தெரியாது என்று அறிந்தவள்தான், தேடினேன்.

அவன் தன் வீட்டுக் கதவைத் தட்டினான். "யம்மா, நான்தாம்மா."

உள்ளேயிருந்து கன்னியம்மாவின் குரல் கெஞ்சியது. "உன்ன எரிச்சாச்சு நைனா. நல்லபடியா போயிடு. வராத நைனா."

அவன் என் பக்கம் வந்தான். "தண்ணி குடுக்கா. இன்னா, ஊரே கதவ சாத்திக்கினு கீது?"

சொம்பில் கொடுத்தேன். அவன் குடித்து முடிக்கும்வரை பொறுத்துச் சொன்னேன். "நீ செத்துட்டேன்னு நான்தான்பா படிச்சேன்."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஊர்ப் பெரியவர்கள் வேப்பமரத்தடியில் கூடி ஒரே வார்த்தையாகச் சொன்னார்கள்: உயிரோடு இருக்கிறான் என்று பேப்பரில் வரட்டும், சேர்த்துக்கொள்கிறோம். நானும் அவனும் பச்சையம்மாவும் நிருபர் வீட்டுக்குப் போனோம். வழி முழுக்க அவள் அவனுக்குப் பத்தடி பின்னால் நடந்தாள். நிருபர் பழைய இதழைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"உயிரோட இருக்கார்னுதானே போட்டிருக்கோம்? சரியாப் போட்டதுக்கு எப்படிம்மா திருத்தம் போடறது?"

"இன்னொரு தடவை போடக் கூடாதா?"

"ஒருத்தர் உயிரோட இருக்கறது ஒரு தடவைதாம்மா செய்தி."

வாசலுக்கு வந்தோம். பச்சையம்மா அவன் பக்கம் திரும்பினாள். "பேப்பரக் கேட்டு அறுத்தேன். கட்டிக்கறதுக்கு எவனையும் கேக்கமாட்டேன். வாய்யா." அவள் வெறுங்கழுத்தோடு அவன் கையைப் பிடித்து முன்னால் நடந்தாள். மேனாம்பேட்டுக்குத் திரும்பவில்லை. ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போடும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நான் படித்ததைக் கேட்காத ஊர் அது.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. ஸ்டேஷன் கடையில் ரேடியோ பேசுகிறது. பூவரச மரத்தடியில் யாரும் உட்காருவதில்லை. அவர்கள் ஆவடிக்குப் போன மறுநாளே நான் பேப்பரோடு போய்க் காத்திருந்தேன். ஒருத்தியும் வரவில்லை. என் வீட்டில் கூட நான் எதையும் உரக்கப் படிப்பதில்லை.

ஏகாம்பரம் வருஷத்துக்கு ஒரு புடவை அம்மாவுக்கு அனுப்புகிறான். ஆவடி எவ்வளவு தூரம்? நடந்தே போய்விடலாம். கன்னியம்மா அந்தப் புடவையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். நான் படித்த நாள் வரும்போது, வாழையிலையில் அவனுக்குச் சோறு படைத்து, அவன் அனுப்பிய புடவையையும் பக்கத்தில் வைக்கிறாள். காக்கை தாமதமாக வந்தால், "நைனா, ஏகாம்பரம், வா நைனா" என்று கூரையைப் பார்த்துக் கூப்பிடுகிறாள்.

எங்கள் வீட்டு ஜன்னலில் நான் நின்றுகொண்டிருப்பேன். இதுவரை காக்கை வராமல் இருந்ததில்லை.