டார்ச் ஒருமுறை அடித்தால் வலது

டிசம்பர் ஒன்பதாம் தேதி விடியற்காலை ஐந்து இருபதுக்கு, நெடுஞ்சாலையிலிருந்து பதினொரு கிலோமீட்டர் உள்ளே, பெரிய மணல்மேட்டின் அடியில் என் மனைவியின் தம்பி வண்டியை விட்டு இறங்கினான்.

இதைக் காவல் நிலையத்தில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் இதே மாதிரிதான். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

பாலைவனத்தில் சூரிய உதயத்தைப் படம் எடுத்து நாட்காட்டிக்காரர்களுக்கு விற்பது என் தொழில். வெறும் மணலை எடுத்தால் மேடு எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. உச்சியில் ஓர் ஆள் நிற்க வேண்டும். என் படங்களில் அந்த ஆள் எப்போதும் மச்சான்தான்.

"எல்லாப் படத்துலயும் என்னை எறும்பு மாதிரி காட்டுறீங்க மாமா. பொண்ணு வீட்டுல எதைக் காட்டுறது?"

"எறும்புக்கும் ஒரு எறும்பு கிடைக்கும். நட."

அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. டார்ச்தான் எங்கள் பேச்சு. நான் ஒருமுறை அடித்தால் வலது பக்கம் கொஞ்சம் நகர வேண்டும். இரண்டு முறை அடித்தால் நிற்க வேண்டும். அவன் வெளிச்சம் படத்தில் விழும் என்பதால், தன் டார்ச்சை அணைத்துவிட்டுத்தான் ஏறுவான்.

வலது ஓரத்தில் ஓர் ஆபத்து இருந்தது. காற்று மேட்டைக் குடைந்து, மணல் கூரைபோல் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாளே பார்த்து வைத்திருந்தோம்.

"இருட்டுல ஓரம் தெரியாது. என் டார்ச்சைப் பாத்துக்கிட்டே போ. நான் பாத்துக்குறேன்" என்றேன்.

ஐந்து முப்பத்திரண்டு. வானம் சாம்பல் நிறத்துக்கு வந்தது. மேடு இன்னும் வெறும் கறுப்பு. உச்சிக் கோட்டில் அவன் வந்து நின்றான்.

வழக்கமாக அரை மணி நேரம் பிடிக்கும் ஏற்றம். இவ்வளவு சீக்கிரம் எப்படி? இளவட்டம், ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று இடது பக்கமாக நின்றான். ஒருமுறை அடித்தேன். நகர்ந்தான். படம் எடுத்தேன். கேமராவிலிருந்து கண்ணை எடுத்தால்... மறுபடியும் இடது பக்கமே நிற்கிறான்.

அடித்தேன். நகர்ந்தான். லென்ஸ் மாற்றக் குனிந்து நிமிர்ந்தேன். பழைய இடம்.

விளையாடுகிறானா? எரிச்சல் வந்தது. வெளிச்சம் யாருக்காகவும் காத்திருக்காது. அடித்தேன்... மறுபடியும் அடித்தேன்... எத்தனை முறை என்று எண்ணவில்லை.

அப்போதுதான் அவன் கழுத்தில் இருந்த துண்டைப் பார்த்தேன். மேட்டு விளிம்பில் மணல் வலப்பக்கம் பறந்துகொண்டிருந்தது.

துண்டு இடப்பக்கம் பறந்தது.

மச்சான் துண்டு கட்டுவதே இல்லை.

ஐந்து நாற்பத்தாறு.

"மாமா..."

குரல் உச்சியிலிருந்து வரவில்லை. கீழே... வலது பக்க இருட்டிலிருந்து வந்தது.

"இன்னும் எவ்வளவு வலதுக்குப் போகணும் மாமா? இங்க தலை மேல மணல் உதிருது..."

அவன் டார்ச் எரிந்தது. பாதிச் சரிவில். தொங்கும் மணலுக்கு நேர் கீழே.

இரண்டு முறை அடித்தேன்.

உச்சியில் நின்ற உருவம் என் பக்கம் திரும்பியது.

"ஹூம்ம்ம்..." மேடு முனகியது.

சரிந்த மணலில் அவன் டார்ச் அணைந்தது.

கையால் தோண்டினேன். முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஆள் தேடிப் போனேன். மதியம் மீட்புக் குழு அவனை எடுத்தது. உயிர் இல்லை.

காவல் அதிகாரி என் கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் உங்க மச்சான் உச்சியிலதானே நிக்கிறார்? பின்ன எப்படி சார் கீழ கிடைச்சார்?"

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

மச்சானைத் தூக்கிய குழியில், ஒரு முழம் கீழே, கழுத்தில் துண்டோடு இன்னொருவர் கிடந்தார். ஆறு வருடங்களுக்கு முன் காணாமல் போனவர் என்று பிறகு சொன்னார்கள். படம் எடுக்க வந்த ஒரு குழுவோடு வந்தவராம். மேட்டின் உயரம் தெரிவதற்காக அவரை உச்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு உடல்களையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள்.